சத்துவாச்சாரியில் வாங்கிய வீட்டுக்கு வரியும் கரண்ட் பில்லும் விற்றவர் பெயரிலேயே வருகின்றன. மாற்றியே ஆக வேண்டுமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும். 2 வருடத்துக்கு முன் வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு பழைய மாடி வீடு வாங்கினீர்கள். பத்திரம் உங்கள் பெயரிலும் உங்கள் மனைவி பெயரிலும் பதிவாகிவிட்டது. ஆனால் சொத்து வரி ரசீதும் கரண்ட் பில்லும் இன்னமும் விற்றவர் பெயரில்தான் வருகின்றன. பாக்கி வைக்காமல் கட்டுகிறீர்கள். "பணம்தான் கட்டுகிறோமே, பெயர் யார் பெயராக இருந்தால் என்ன?" என்று கேட்கிறீர்கள். மாடியில் குடியிருக்கும் குடும்பம் எதைக் கட்ட வேண்டும், நீங்கள் எதைக் கட்ட வேண்டும் என்பது இரண்டாவது கேள்வி.

தம்பி, மாற்றித்தான் ஆக வேண்டும். நான் 28 வருடம் இந்த வட ஆற்காட்டுப் பக்கத்து ஊர்களில் வரிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக நடந்தவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சொத்து வரி ஆளைப் பார்த்துப் போடுவது இல்லை. கட்டிடத்தைப் பார்த்துப் போடுவது. கட்டிடத்துக்கு ஒரு வரி விதிப்பு எண் இருக்கும். அந்த எண்ணில் பணம் ஏறினால் நிலுவை தீரும், அவ்வளவுதான். யார் கட்டினார், எங்கிருந்து கட்டினார் என்று கவுன்டரில் கேட்க மாட்டார்கள், ஆன்லைனிலும் கேட்காது. அதனால்தான் நீங்கள் 2 வருடமாக விற்றவர் பெயரில் தடையில்லாமல் கட்ட முடிந்தது. ஆனால் இதே காரணத்தால் ஒரு ஆபத்தும் இருக்கிறது. வரி பாக்கிக்கு அந்தக் கட்டிடமே முதல் பொறுப்பு என்பது சட்டம். விற்றவர் பாக்கி வைத்துவிட்டு ஆம்பூருக்கோ சென்னைக்கோ குடிபோய்விட்டால், பாக்கி அவரோடு போகாது. உங்கள் வாசலில்தான் உட்கார்ந்திருக்கும். வாங்கும்போது வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்திருப்பீர்கள். அதில் வரி பாக்கி தெரியாது. வீடு வாங்குகிறவர்கள் பத்திரப் பதிவுக்கு முன்பே வரி விதிப்பு எண்ணைக் கேட்டு வாங்கி, நிலுவை எவ்வளவு என்று தாங்களே பார்த்துவிட வேண்டும். விற்பவர் காட்டும் ஒரே ஒரு ரசீதை நம்பக் கூடாது. அது ஒரு அரையாண்டுக்கான ரசீதாக இருக்கும், அதற்கு முந்தைய 4 அரையாண்டு கட்டாமல் கிடக்கும்.

கரண்ட் பாக்கியும் கிட்டத்தட்ட அப்படித்தான். பழைய உரிமையாளர் வைத்துவிட்டுப் போன மின் கட்டண நிலுவையை, விதிமுறையில் இடம் இருந்தால், அந்த இடத்துக்கு இணைப்பு கேட்கும் புதியவரிடம் வசூலிக்கலாம் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

சரி, பாக்கியே இல்லை, ஒழுங்காகக் கட்டுகிறேன் என்கிறீர்கள். அப்போதும் பெயர் ஏன் முக்கியம்?

காரணம், நோட்டீஸ் பெயருக்குத்தான் வரும். 2022-ல் தமிழ்நாடு முழுக்கச் சொத்து வரியைத் திருத்தினார்கள். சென்னையைத் தவிர்த்த மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1200 வரை 50, 1201 முதல் 1800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று ஏறியது. இங்கே அதற்கு முன் பொதுத் திருத்தம் நடந்தது 2008-ல். அவ்வளவு வருடம் பதிவேட்டில் இருந்த அளவு சரியா தப்பா என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏனென்றால் 10, 20 அடி கூடக் குறைய இருந்தாலும் வரியில் பெரிய வித்தியாசம் தெரியாது. திருத்தம் வந்ததும் 1200-க்கும் 1201-க்கும் நடுவில் பெரிய மேடு உண்டாகிவிட்டது.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மா வீட்டுக் கதையைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம், பாலாற்றங்கரை ஊர்தான். பதிவேட்டில் அந்த வீடு 1230 சதுர அடி. பழைய வரி அரையாண்டுக்கு 800 ரூபாய். 75 சதவீதம் ஏறி 1400 ஆகிவிட்டது. கேட்பு நோட்டீஸ் அவருடைய மாமனார் பெயரில் வந்தது. மாமனார் இறந்து 11 வருடம். நோட்டீஸை அலமாரியில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார், "அவர் பேருக்கு வந்த காகிதத்துக்கு நான் என்னத்த எழுதறது?" என்று. நான் போய் டேப்பைப் பிடித்தேன். பின்கட்டில் ஒரு மாட்டுக் கொட்டகை இருந்திருக்கிறது. தூண் நட்ட குழிகூட சிமென்ட் தரையில் வட்டமாகத் தெரிந்தது. கொட்டகையைப் பிரித்துப் பல வருடம் ஆகிறது, யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கொட்டகை போக வீடு 1140 சதுர அடி. அப்படியானால் 50 சதவீதம்தான், 1200 ரூபாய். வருடத்துக்கு 400 ரூபாய் வித்தியாசம். தையல் வேலை செய்யும் அம்மாவுக்கு அது சின்னத் தொகை இல்லை. ஆனால் ஆட்சேபம் எழுத வேண்டும் என்றால் யார் எழுதுவது? பதிவேட்டில் இருப்பவர் உயிரோடு இல்லை. முதலில் வாரிசுச் சான்று, அப்புறம் மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், அப்புறம் பெயர் மாற்றம், அதற்கு அப்புறம்தான் மறு அளவீட்டு மனு. 7 மாதம் ஆனது. முன்பே பெயர் மாறியிருந்தால் ஒரே மனுவில் முடிந்திருக்கும். புதுப் பெயரில் வந்த முதல் ரசீதை அந்த அம்மா வாங்கி, பெயர் இருந்த வரியை விரலால் தடவிப் பார்த்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இதில் ஒரு பழைய சங்கதியும் இருக்கிறது. வேலூர் நகராட்சி ஆனது 1866-ல், மாநகராட்சி ஆனது 2008-ல். வெள்ளைக்காரர் காலத்தில் நகராட்சித் தேர்தலில் எல்லோருக்கும் ஓட்டு கிடையாது. வரி கட்டுவது, சொத்து வைத்திருப்பது போன்ற தகுதி உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. அதாவது வரிப் புத்தகத்தில் பெயர் இருந்தால்தான் ஊர் விஷயத்தில் வாய் திறக்க முடியும். இன்று ஓட்டு 18 வயதான எல்லோருக்கும் உண்டு, அது நல்லது. ஆனால் உங்கள் வீட்டு வரி விஷயத்தில் மட்டும் அந்தப் பழைய நிலைமை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பணத்தை நீங்கள் கட்டினாலும், பதிவேட்டின்படி கட்டியவர் விற்றவர்தான்.

வரி ரசீது உங்கள் பெயரில் வந்துவிட்டால் வீடு உங்களுக்கு உறுதியாகிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. உரிமை பத்திரத்தில் இருக்கிறது. ரசீது காட்டுவதெல்லாம் இந்தக் கட்டிடத்துக்கு இவர் பொறுப்பு எடுத்து வரி கட்டி வருகிறார் என்பதைத்தான். அண்ணன் தம்பி தகராறில் "20 வருடமாக நான்தான் வரி கட்டினேன், அதனால் வீடு என்னுது" என்று சொல்லி நீதிமன்றத்தில் தோற்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பட்டா மாறிவிட்டால் வரியும் மாறிவிடும் என்று நினைப்பதும் தவறு. பட்டா தாலுகா அலுவலகத்து வேலை, வரி மாநகராட்சி வேலை, கரண்ட் மின் வாரியத்து வேலை. தனித்தனியாகத்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

உங்களுடையது கிரயம் என்பதால் வேலை சுலபம். பத்திர நகல், வில்லங்கச் சான்று, நடப்பு அரையாண்டு வரை கட்டிய ரசீது, ஆதார் நகல், இவ்வளவு போதும். நிலுவை இருந்தால் பெயர் மாற்ற மாட்டார்கள், அதை முதலில் தீருங்கள். சொத்து கைமாறினால் 3 மாதத்துக்குள் விற்றவரும் வாங்கியவரும் தகவல் தர வேண்டும் என்பது பழைய மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே இருந்த விதி. தகவல் தரும்வரை விற்றவர் தலையிலும் வரிப் பொறுப்பு இருக்கும் என்று அதே விதி சொன்னது. உங்களுக்கு 2 வருடம் ஆகிவிட்டது, பரவாயில்லை, இப்போதே கொடுங்கள். பத்திரத்தில் இரண்டு பேர் இருப்பதால் மனுவிலும் இரண்டு பெயரையும் எழுதுங்கள். வீட்டில் ஆண் பெயர் போதும் என்று ஒற்றைப் பெயரைக் கொடுத்துவிட்டு வருகிற பழக்கம் நம் பக்கத்தில் ரொம்ப உண்டு. பின்னால் அந்தப் பெண்தான் அலைய வேண்டியிருக்கும்.

வேலூரில் 4 மண்டலம்: காட்பாடி, சத்துவாச்சாரி, வேலூர் கோட்டை, சேண்பாக்கம். உங்கள் மனு சத்துவாச்சாரி மண்டல அலுவலகத்துக்குப் போக வேண்டும். இன்னொன்று, சத்துவாச்சாரி முன்பு தனி உள்ளாட்சியாக இருந்து 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி. அதனால் பழைய பத்திரத்தில் குறிப்பிட்ட வரி எண்ணும் கதவு எண்ணும் இன்றைய எண்ணோடு பொருந்தாமல் இருக்கலாம். பயப்பட வேண்டாம். பழைய எண், புதிய எண் இரண்டையும் மனுவில் ஒரே வரியில் எழுதிவிடுங்கள்.

வரி எப்போது கட்டுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பலர் பணத்தை வீணாக விடுகிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் ஒரு அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் இன்னொன்று. ஏப்ரல் 30-க்குள், அதேபோல் அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5000 ரூபாய் வரை கழியும். தள்ளிப்போட்டால் மாதம் 1 சதவீதம் வட்டி. 1800 ரூபாய் வரி என்றால் முன்னால் கட்டுகிறவருக்கு 90 ரூபாய் மிச்சம், பின்னால் கட்டுகிறவருக்கு மாதம் 18 ரூபாய் கூடுதல். எல்லோருக்கும் தீபாவளிச் செலவு வரும் நேரம்தான், தெரியும். ஆனாலும் அக்டோபர் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 2022 திருத்தத்தோடு வருடா வருடம் வரி ஏறும் என்றும் விதி வந்திருக்கிறது, 6 சதவீத உயர்வு 2024-ல் நடைமுறைக்கு வந்தது. அதனால் ரசீதில் தொகை கொஞ்சம் கூடியிருந்தால் யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள், 6 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால் அப்போது கேளுங்கள்.

கட்டுகிற பணம் எங்கே போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது நூலக வரியைத்தான். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலகத்துக்கு. 1948-ல் வந்த சென்னை மாகாண நூலகச் சட்டம் போட்ட பாதை அது. வேலூர் மாவட்ட மைய நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் காலையிலேயே இடம் பிடித்து உட்காருகிறார்களே, அந்த நாற்காலியில் உங்கள் வரியும் இருக்கிறது. எனக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும். வசூலுக்குப் போகிற இடத்தில் முகம் சுளிப்பவர்களிடம்கூட இதைச் சொன்னால் கொஞ்சம் நின்று கேட்பார்கள்.

இனி மாடி வீட்டு விஷயம். சொத்து வரி உரிமையாளர் பொறுப்பு. வாடகை ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அது உங்களுக்கும் அவருக்கும் நடுவில் உள்ள ஏற்பாடு, மாநகராட்சி உங்களைத்தான் கேட்கும். குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்தால் அதன் கட்டணம், குப்பைக் கட்டணம், இவற்றை இரண்டு வீட்டுக்கும் பங்கு போட்டுக்கொள்வது வழக்கம். எவ்வளவு என்று வாயால் சொல்லாமல் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வேலூரில் தண்ணீர் எப்போதும் கஷ்டம்தான். ஒரு காலத்தில் ஓட்டேரி ஏரியையும் பாலாற்று மணலையும் நம்பி இருந்த ஊர், இப்போது மேட்டூர் பக்கத்திலிருந்து காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது. குழாய் இணைப்புக்குத் தனி எண் உண்டு. சொத்து வரியில் பெயர் மாறினால் அதுவும் தானாக மாறிவிடும் என்று இருந்துவிடாதீர்கள், அதே மனுவில் குடிநீர் இணைப்பு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

கரண்டில்தான் பெரிய விஷயம் இருக்கிறது. மாடிக்கும் கீழுக்கும் ஒரே சர்வீஸ், மாடிக்கு சப்-மீட்டர் வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். இது உங்கள் இருவருக்கும் நஷ்டம். எப்படி என்று பாருங்கள். வீட்டு இணைப்புக்கு 2 மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பரில் வந்த விகிதத்தில் கணக்குப் போடுகிறேன். அதற்கு அப்புறம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனால் படிக்கட்டு அமைப்பு அதேதான். ஒரு குடும்பம் 300 யூனிட் எரித்தால் 101 முதல் 200 வரை 2 ரூபாய் 25 காசு, 201 முதல் 300 வரை 4 ரூபாய் 50 காசு. மொத்தம் 675 ரூபாய். தனித்தனி மீட்டரில் இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து 1350. அதே இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால் 600 யூனிட் ஆகிவிடும். 500-ஐத் தாண்டியதும் அந்த 2 ரூபாய் 25 காசுச் சலுகை பறந்துவிடும், 101 முதல் 400 வரை முழுக்க 4 ரூபாய் 50 காசு, அடுத்த 100-க்கு 6 ரூபாய், அதற்கடுத்த 100-க்கு 8 ரூபாய். மொத்தம் 2750 ரூபாய். அதே விளக்கு, அதே ஃபேன், இரண்டு மடங்குக்கு மேல் பில். ஒரே குடும்பமாக இருந்தாலும் சரியாக 500 யூனிட்டுக்கு 1725 ரூபாய், 501-க்கு 1958 ரூபாய். ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! அக்னி நட்சத்திர வெயிலில் வேலூரில் ஏசி போடாமல் இருக்க முடியாது, 500-ஐத் தாண்டுவது பெரும்பாலும் மே, ஜூன் பில்லில்தான்.

மாடிக்குத் தனி வாசல், தனிச் சமையலறை இருந்து வேறு குடும்பம் இருப்பதால் தனி இணைப்பு கேட்டு விண்ணப்பியுங்கள். ஆனால் பாருங்கள், விண்ணப்பிப்பதற்கு வீடு உங்களுடையது என்று காட்ட வேண்டும், பழைய இணைப்பும் உங்கள் பெயரில் இருந்தால் கேள்வியே வராது. மறுபடியும் பெயரில்தான் வந்து நிற்கிறோம். 2022 கடைசியில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது, "உரிமையாளர், ஆனால் இணைப்பின் பெயர் மாற்றப்படவில்லை" என்று ஒரு தனிப் பிரிவே படிவத்தில் இருந்தது. அவ்வளவு வீடுகள் தாத்தா பெயரிலும் விற்றவர் பெயரிலும் கிடக்கின்றன என்றுதானே அர்த்தம்! அதை நிரப்பினால் பெயர் மாறிவிட்டது என்று எண்ணிக்கொண்டவர்கள் பலர். மாறவில்லை. மின் வாரியப் பெயர் மாற்றத்துக்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், பத்திர நகலோ உங்கள் பெயரில் உள்ள வரி ரசீதோ வேண்டும். அதனால் வரிப் பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள், அந்த ரசீதை வைத்து கரண்டை முடிக்கலாம். நம் பக்கத்து இணைப்பு எண் 08-ல் தொடங்கும், அது வேலூர் மண்டலத்துக்கான எண். எண்ணைச் சரியாகப் போட்டீர்களா என்று இரண்டு தடவை பாருங்கள். எண்ணை மாற்றிப் போட்டு யாரோ ஒருவர் பில்லைக் கட்டியவர்கள் உண்டு.

சப்-மீட்டர் இருக்கும்வரை வாடகைதாரரிடம் யூனிட்டுக்கு 8, 10 என்று மொத்தமாகப் போடாதீர்கள். வந்த பில்லை அவரிடம் காட்டி, யூனிட் கணக்கில் பிரித்து வாங்குங்கள். வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்துவதும் கூடாது. 2019-லிருந்து நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஒரு உரிமையாளருக்கு இதைச் சொல்வது கசப்பாக இருக்கலாம். ஆனால் உங்கள் வரிப் பணத்தில் பாதி அந்த மாடி வாடகையிலிருந்துதான் வருகிறது. அவரும் ஒரு வகையில் வரி கட்டுகிறவர்தான்.

வேலூருக்கே உரிய ஒரு எச்சரிக்கை. சி.எம்.சி.க்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் என்று வெகுதூரத்திலிருந்து நோயாளிகள் வருகிறார்கள். காந்தி ரோடு, பாபு ராவ் தெரு, சைதாப்பேட்டைப் பக்கம் எத்தனையோ வீடுகள் தினவாடகை அறைகளாகிவிட்டன. காட்பாடிப் பக்கம் வி.ஐ.டி. மாணவர்களுக்கு அறைகள். மாடியை நாளைக்கு நீங்கள் இப்படி நாள் வாடகைக்கு மாற்றினால், அது குடியிருப்பு அல்ல, வணிகப் பயன்பாடு. சொத்து வரி விகிதமும் மாறும், மின் கட்டண வகையும் மாறும், இலவச 100 யூனிட்டும் போகும். மாற்றுவதானால் எழுதிக் கொடுத்துவிட்டு மாற்றுங்கள். ஆய்வில் கண்டுபிடித்தால் பின்தேதியிட்டு வித்தியாசத்தைக் கேட்பார்கள். ஒரு குடும்பம் மாத வாடகைக்கு இருப்பது அந்தக் கணக்கில் வராது, இப்போதைக்கு உங்களுக்குக் கவலை இல்லை.

எங்கேயாவது மனு தேங்கினால் பகுதி சபை என்று ஒன்று இருக்கிறது, கிராமங்களில் கிராம சபை மாதிரி. 2022 நவம்பர் 1-ம் தேதி முதல் நகரங்களிலும் கூட்டுகிறார்கள். உங்கள் வார்டு கவுன்சிலரும் அலுவலர்களும் வருவார்கள். மனு எண்ணைச் சொல்லி அங்கே எழுந்து கேளுங்கள். இத்தனை வருட அனுபவத்தில் சொல்கிறேன், பத்துப் பேர் நடுவில் எண்ணோடும் தேதியோடும் கேட்கிற கேள்விக்குப் பதில் சீக்கிரம் வரும்.

கடைசியாக, கையடக்க மெஷினில் வரும் ரசீதைப் பற்றி. அது வழவழ காகிதம். பீரோவில் வைத்தால் ஒரே வருடத்தில் எழுத்து வெளுத்து வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து, அதன் பின்னால் தேதியை எழுதி, பத்திரக் கவருக்குள்ளேயே போட்டுவிடுங்கள். மனு கொடுக்கும்போதும் இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்று அவர்களுக்கு. இன்னொன்றில் முத்திரை, தேதி, கையெழுத்து மூன்றையும் வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.